பத்து மணிக் கையெழுத்து

அந்தப் பெண் கேட்கவில்லை, சொல்லத்தான் சொன்னாள். கேட்பது வேறு, சொல்வது வேறு. கரும்பலகையில் பரீட்சை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் எழுதிக்கொண்டே மங்கையர்க்கரசி இதைத் தனக்குள் மறுபடியும் சொல்லிக்கொண்டாள். மேலே பாடத்தின் பெயர்: பழங்குடிகளும் குற்றவியல் நீதியும். அவளே வகுத்த பாடம், அவளே நடத்திய பாடம், அவளே எடுத்த கேள்வித்தாள், இன்றைக்குக் கண்காணிப்புக்கு நிற்பதும் அவளே. பெண்வீட்டாரும் மாப்பிள்ளைவீட்டாரும் ஒரே ஆளாக நின்று பந்தி விசாரிக்கிற மாதிரிதான். பிள்ளைகள் வெள்ளையும் கறுப்புமாக உட்கார்ந்து தலையைக் குனிந்துவிட்டார்கள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகியது, அதை இந்தக் கல்லூரியில் யாரும் பழுது என்று நினைப்பதில்லை. ஜன்னலோர வரிசையில் ஒரு மேசை மட்டும் காலி. அதன் மூலையில் பதிவெண்ணைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள், விடைத்தாளையும் வைத்தாயிற்று, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் டஸ்டரை மங்கையர்க்கரசியே கொண்டுபோய் வைத்தாள். வெண்ணிலாவின் இடம் அது. அரை மணி நேரத்துக்குள் வந்தால் எழுதலாம், அதற்குமேல் வந்தால் உள்ளே விடக்கூடாது. வாசலில் நின்று அந்த விதியைச் சொல்லவேண்டியவளும் மங்கையர்க்கரசிதான். வருவாள், எப்படியும் வந்துவிடுவாள், கெட்டிக்காரப் பெண், யாரையாவது ஏற்பாடு செய்திருப்பாள். யாரையாவது. இந்த ஒரு சொல்லில்தான் நேற்று மத்தியானத்திலிருந்து மனசு மாட்டிக்கொண்டு கிடக்கிறது. சேலை முந்தானை கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டால் முன்னாலும் போகமுடியாது, பின்னாலும் போகமுடியாது, நின்று நிதானமாகத்தான் எடுக்கவேண்டும். அவளுக்கோ நின்று எடுக்க மனமில்லை. ஹால் டிக்கெட்டுகளைச் சரிபார்க்கத் தொடங்கினாள்.

நேற்று மத்தியானம் வெண்ணிலா துறை அறைக்கு வந்தாள். வருகை குறைந்தவர்கள் பரீட்சை எழுதவேண்டுமானால் துறைத்தலைவர் காரணம் கேட்டு, மனமிரங்கிக் கையெழுத்துப் போடவேண்டும். துறைத்தலைவர் மங்கையர்க்கரசி. இந்தப் பருவம் முழுக்கப் பத்து மணி வகுப்பை எட்டிப் பார்க்காதவள் கடைசி நாளில் வந்து நிற்கிறாளே என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் காரணம் கேட்டாள். பெண் சொன்னாள். அழவில்லை, பஸ் வராத கதையைச் சொல்கிற குரலில் சொன்னாள். அண்ணன் கார்மேகம் பந்தல் போடுகிற வேலைக்குப் போகிறவன். பந்தல் போட்ட ஒரு கல்யாண வீட்டில் நகை காணாமல் போயிற்று. வேலைக்குப் போனவர்கள் ஏழெட்டுப் பேர், அதில் குறவர் அவன் ஒருவன்தான், ஆகவே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நகை கிடைக்கவில்லை, வழக்குக் கிடைத்தது. ஜாமீனில் விடும்போது தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று நிபந்தனை. ஆரம்பத்தில் அவன் தனியாகத்தான் போனான். ஒருநாள் உட்கார வைத்து, வேறு ஏதோ ஊரில் காணாமல் போன எதையோ எடுத்தது நீதானே என்று பொழுது சாயும்வரை கேட்டார்கள். உள்ளங்கை வீங்கி வீட்டுக்கு வந்தான், அன்றைக்குச் சோற்றை அவனுக்கு ஊட்டிவிட வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து வெண்ணிலா கூடப் போகத் தொடங்கினாள். சட்டக்கல்லூரி வெள்ளையும் கறுப்பும் போட்டுக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நிற்பாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அவள் நின்றால் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். வக்கீலம்மா வந்துட்டாங்க, நாற்காலி போடுங்கப்பா என்று சிரிப்பார்களாம். நாற்காலி போட்டதில்லை. அவர்களுடைய வக்கீல் வாய்தாவுக்கு மட்டும் வருகிறவர். சொந்தக்காரர்கள் யாரும் துணைக்குப் போகமுடியாது, போனால் அவர்களையும் சேர்த்து உட்கார வைத்துவிடுவார்கள். எல்லாம் முடிந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வரும்போது பத்து மணி வகுப்பு முடிந்திருக்கும். பத்து மணி வகுப்பு இந்தப் பாடம்.

மங்கையர்க்கரசிக்குக் கண் கலங்கியது. கலங்கியதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது, ஏனென்றால் கலங்கும்போதே அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் கண் சீக்கிரம் கலங்கும். கனடாவில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தபோது, அந்த நாட்டுப் பூர்வகுடிப் பெண்கள் சிறையில் எப்படி நிறைந்து கிடக்கிறார்கள் என்று ஒரு அம்மாள் பேசினாள். வெளியே பனி கொட்டியது, உள்ளே மங்கையர்க்கரசி கைக்குட்டை நனைய அழுதாள், பக்கத்து நாற்காலிக்காரி முதுகைத் தட்டிக்கொடுத்தாள். திரும்பும்போது விமான நிலையத்தில், கெட்ட கனவுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளுமாம் என்று சொல்லி விற்ற இறகு வைத்த வலை வளையம் ஒன்றை வாங்கிவந்து துறை அறையில் மாட்டினாள். அதற்கு நேர் கீழேதான் நேற்று வெண்ணிலா நின்றாள். கையெழுத்துப் போட்டாள், பேனாவை மூடினாள், பரீட்சையை விட்டுவிடாதே என்றாள், நல்ல காரியம் ஒன்று செய்த நிறைவு வயிற்றுக்குள் வெதுவெதுப்பாக இறங்கியது. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். "நாளைக்குப் பரீட்சையும் பத்து மணிக்குத்தான் மேடம். அரை மணி நேரம் யாராவது அண்ணன்கூட நின்னா போதும்." மங்கையர்க்கரசி என்ன சொன்னாள்? "யாரையாவது ஏற்பாடு பண்ணிக்கோம்மா."  பெண், சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போனாள். இவ்வளவுதான் நடந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது நடப்பதெல்லாம் வேறெங்கோதானே நடக்கிறது.

அவள் சட்டம் படித்தவள், ஆகவே விஷயத்தைச் சட்டப்படி பார்த்தாள். ஒரு மனு என்றால் அதில் வேண்டுகோள் இருக்கவேண்டும். முன்னால் எத்தனை பக்கம் துயரக்கதை எழுதியிருந்தாலும் கடைசியில் ஆகவே தாங்கள் இன்னது செய்யும்படி வேண்டுகிறேன் என்று ஒரு வரி இல்லாவிட்டால் அது மனுவே இல்லை, எந்த நீதிபதியும் கேட்காததைக் கொடுக்கமாட்டார், இதை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நீங்க வந்து நில்லுங்க மேடம் என்று வெண்ணிலா சொன்னாளா? சொல்லவில்லை. யாராவது என்றுதானே சொன்னாள்? யாராவது என்றால் யாராவது. ஆனால் அந்த யாராவது சொந்தக்காரர்களில் இல்லை என்று இரண்டு நிமிஷம் முன்னால்தான் சொல்லியிருந்தாள். வக்கீலும் இல்லை என்று சொல்லியிருந்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அதே நேரத்தில் பரீட்சை. இத்தனை பேரையும் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்த அறையில் மிச்சம் இருந்தது யார்? இறகு வைத்த வளையமா போய் நிற்கும்? மங்கையர்க்கரசி வரிசைக்கு நடுவே நடந்தாள். ஒரு பையன் இன்னும் பிள்ளையார் சுழியை அழுத்தி அழுத்தி எழுதிக்கொண்டிருந்தான். காலி மேசையைத் தாண்டும்போது அதைப் பார்க்காமல் தாண்டினாள். பார்க்காமல் தாண்டுவது அவளுக்குப் பழக்கம்தான். கனடாவில் நீதிமன்றத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவதைப் பார்த்துவிட்டு வந்து, இந்தப் பாடத்துக்கும் நாற்காலிகளை வட்டமாகப் போடவைத்தாள். வட்டத்தில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். வரிசையாகப் போட்டிருந்தால் கடைசியில் எங்கேயாவது ஒதுங்கியிருக்கும், வட்டத்தில் அதை ஒதுக்கவும் முடியவில்லை, விழுந்த பல் மாதிரி நடுமுகத்தில் தெரிந்தது. அந்தக் காலி நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டுதான், ஒரு காலத்தில் சில சாதியில் பிறந்த குற்றத்துக்காகவே ஆண்பிள்ளைகள் ஸ்டேஷனில் போய் ரேகை வைக்கவேண்டியிருந்ததைப் பற்றித் தொண்டை கமறப் பாடம் நடத்தினாள். ஒருநாள், யாரந்தப் பொண்ணு, பத்து மணிக்கே எழுந்திருக்க முடியாதவங்க நாளைக்குக் கோர்ட்டுக்கு எப்படிப் போவாங்க என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்க வைக்கிற ஆசிரியை, அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்த நிமிஷத்தில் அந்தப் பெண் ஸ்டேஷன் சுவரோரம் நின்றுகொண்டிருந்திருப்பாள். சிரிப்பு அங்கேவரை கேட்டிருக்காது. கேட்டிருக்காது என்பதில் என்ன ஆறுதல் வேண்டிக்கிடக்கிறது, இங்கே இருந்த எவளாவது அன்றைக்கே போய்ச் சொல்லியிருப்பாள், சொன்ன பிறகும் அவள் நேற்று வந்து மேடம் என்று கூப்பிட்டாளே.

சரி, போயிருந்தால் என்ன? போய் நிற்பதில் என்ன இருக்கிறது, அரை மணி நேரம், ஒரு ஆட்டோ. இதற்குப் பதில் அவளுக்குத் தெரியும், தெரிந்ததை நினைக்காமலிருக்கத்தான் இத்தனை நேரமும் மனுவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். பயம். ஸ்டேஷன் என்றால் பயம். குற்றவியல் நீதியை இருபது வருஷத்துக்கு மேலாக நடத்துகிறவள், காவல் நிலையத்தில் கைதானவருக்கு என்னென்ன உரிமை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்கிறவள், ஒரு தடவைகூட ஸ்டேஷன் வாசற்படியை மிதித்ததில்லை. பாஸ்போர்ட் விசாரணைக்குக்கூட ஏட்டு வீட்டுக்குத்தான் வந்தார், காபி கொடுத்து அனுப்பினாள். எங்க குடும்பத்துல ஒருத்தரும் ஸ்டேஷன் வாசல ஏறினதில்ல என்று அப்பா சொல்வார், மற்றவர்கள் காசிக்குப் போய்வந்ததைச் சொல்கிற பெருமையோடு சொல்வார். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு களவு போனபோதும் புகார் கொடுக்க அவர் போகவில்லை, பக்கத்துவீட்டுக்காரரை அனுப்பினார். அந்தப் பெருமை ரத்தத்தில் சர்க்கரை மாதிரி அவளுக்கும் வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் அவள் மனசு என்னென்ன கேட்டது என்று இப்போது ஒவ்வொன்றாக வந்து நிற்கிறது. அங்கே போய் எந்தப் பக்கம் நிற்பது? நீங்க யாரு, அவனுக்கு நீங்க என்ன வேணும் என்று கேட்டால்? பிரின்சிபால் காதுக்குப் போனால்? அந்த ஸ்டேஷன் ஆய்வாளர் சென்ற வருஷம் கல்லூரி விழாவுக்கு வந்தவர், பொன்னாடை போர்த்தியது அவள்தான், அவர் பார்த்துச் சிரித்து என்ன மேடம் இங்க என்று கேட்டால்? அதற்கும் கீழே ஒன்று இருந்தது. ஒருவேளை அவன் உண்மையிலேயே எடுத்திருந்தால்? இது வந்தபோது ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், கை அப்படியே நின்றது. யாரிடமும் சொல்லாத, சொல்லமுடியாத கேள்வி. தம்பி மகள் கல்யாணத்தில் அம்மா சொன்னாள், பந்தக்காரங்க உள்ள வந்து போறாங்க, அந்த ரூம சாத்திடுடீ என்று. அவள் எழுந்துபோய்ச் சாத்தினாள். மதிப்பீட்டுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவள் எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் திருத்தினாள். எந்தப் பாடத்தின் தாள்கள் என்று கேட்கவேண்டியதில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும், மனசில் வருகிறதற்கு யார் என்ன செய்யமுடியும் என்று ஒருவிதமாகச் சமாதானம் ஆகிவிடலாம். ஆனால் இன்றைக்கு அவள் இங்கே நின்றிருக்கவே வேண்டியதில்லை. தன் பாடத்தின் பரீட்சைக்குத் தானே கண்காணிப்புக்கு நிற்கும் வழக்கம் இந்தக் கல்லூரியில் இல்லை. நேற்று வெண்ணிலா போன கொஞ்ச நேரத்தில் அலுவலகக் கண்காணிப்பாளர் தேவநாதன் போன் செய்தார். ஒரு சாருக்கு உடம்பு சரியில்லையாம், மாற்று ஆள் தேடுகிறேன், உங்கள் பாடம் என்பதால் உங்களைக் கேட்பது முறையில்லை, தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் என்று அவர் இழுப்பதற்குள், நானே வரேன் சார் என்றாள். அவர் முடிக்கவில்லை. அவர் கேட்கக்கூட இல்லை. அவர் சொல்லத்தான் சொன்னார். யாராவது என்றுதான் அவரும் சொன்னார். அந்த யாராவது தான்தான் என்று அங்கே அவளுக்கு எப்படிச் சட்டென்று புரிந்தது? மங்கையர்க்கரசி நடப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போனை வைத்ததும் வந்த நிம்மதி ஞாபகம் இருக்கிறது. இனி யார் கேட்டாலும் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது, சம்பவ நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன் ஐயா, சாட்சிகள் இருக்கிறார்கள், இருபத்தைந்து பேர் வெள்ளையும் கறுப்புமாக. வெட்கம் காதுமடலில் சூடாக ஏறியது. முன் மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன்னைத்தான் கண்காணிக்கிறாளோ என்று பயந்து குனிந்துகொண்டாள்.

கதவருகே நிழல் விழுந்தது. வெண்ணிலா. ஓடிவந்திருக்கிறாள், நெற்றியில் முடி ஒட்டியிருந்தது, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா என்று கண்ணால் கேட்டாள். கடிகாரத்தைப் பார்க்காமலே வா என்று தலையசைத்தாள் மங்கையர்க்கரசி. கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு கூடவே மேசைவரை போனாள், டஸ்டரை எடுத்தாள், ஹால் டிக்கெட்டைப் பார்த்தாள், வருகைத் தாளை நீட்டினாள். குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், அண்ணன்கூட யாரு என்று கேட்டாள். "யாருமில்ல மேடம். வாசல் வரைக்கும் போயி விட்டுட்டு வந்தேன். இன்ஸ்பெக்டர் ஐயா இன்னும் வரல. அண்ணன்தான், நீ போயி எழுது போன்னு விரட்டுச்சு." சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பத்து மணிக் கையெழுத்து. அங்கே ஒரு தாளில் அண்ணன், இங்கே ஒரு தாளில் தங்கை, இரண்டையும் வாங்கிவைத்துக்கொள்ள யாரோ ஒருவர் நிற்கிறார்கள். மங்கையர்க்கரசிக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது, ஒன்றும் ஆகாதும்மா என்கிற மாதிரி ஏதாவது. அதற்குள் அந்தப் பெண் கேள்வித்தாளைத் திருப்பிவிட்டாள். மங்கையர்க்கரசி மேடைக்குத் திரும்பி, உட்கார முடியாமல் உட்கார்ந்தாள். இப்போது காலி மேசை இல்லை. நியாயமாகப் பார்த்தால் நிம்மதி வரவேண்டும். வரவில்லை. காலியிடம் இங்கிருந்து எழுந்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். அங்கே அவன் சுவரோரம் நிற்கிறான், பக்கத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம். உள்ளங்கை. ஒரு மனிதனின் உள்ளங்கையை எதனால் அடித்தால் சோறு பிசைய முடியாமல் போகும் என்று யோசிக்கத் தொடங்கி, நிறுத்தமுடியாமல், எழுந்து மறுபடியும் நடந்தாள்.

வெண்ணிலாவின் பேனா வேகமாக ஓடியது. கடைசிக் கேள்வியை முதலில் எழுதிக்கொண்டிருந்தாள், மதிப்பெண் அதிகமுள்ள கேள்வி, தினசரி ஆஜராக வைத்த பழைய சட்டத்தைப் பற்றி மங்கையர்க்கரசி ஆசை ஆசையாக எடுத்த கேள்வி. பின்னால் நின்று பார்த்தாள். கண்காணிப்புக்கு நிற்பவள் பார்க்கலாம், பார்ப்பதற்குத்தான் சம்பளம். வெண்ணிலாவின் சாய்ந்த எழுத்தில், மேற்கோள் குறிக்குள், அடிக்கோடு போட்டு ஒரு வரி இருந்தது: தண்டனை தீர்ப்புக்குப் பிறகு தொடங்குவதல்ல, காக்க வைக்கும் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. மங்கையர்க்கரசியின் வரி அது. கோயம்புத்தூர் கருத்தரங்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கிய வரி, பிறகு ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, பிள்ளைகள் குறித்துக்கொள்ள நேரம் கொடுக்கிற வரி. இந்தப் பெண் வகுப்பில் இல்லை. யாருடைய நோட்டையோ வாங்கிப் படித்திருக்கிறாள். மேடத்துக்குப் பிடித்த வரி, இதை எழுதினால் மார்க் போடுவார்கள் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். காக்க வைக்கும் வாசலிலிருந்து ஓடிவந்து, வியர்வை காயாமல், அதை அப்படியே எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாள். அந்த வாசலைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒன்றையும் எழுதவில்லை. நாற்காலி போடுங்கப்பா என்கிற சிரிப்பை எழுதவில்லை. அதற்கு மார்க் உண்டென்று இந்தப் பாடம் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் அவளை மாற்றிவிட அருமைராஜ் வந்தார். ஒப்பந்தச் சட்டம் நடத்துகிற இளைஞர், பத்து நிமிஷம் நான் பாத்துக்கிறேன் மேடம், காபி ஆறிடப்போகுது என்றார். மங்கையர்க்கரசி தாழ்வாரத்துக்கு வந்தாள். கைப்பிடிச் சுவரில் டம்ளர் மூடிவைத்திருந்தது. கீழே கல்லூரி வாசல், வாசலுக்கு வெளியே வேப்பமரம், மரத்தடியில் ஆட்டோக்கள் நின்றன, ஒரு ஓட்டுநர் முன்சீட்டில் காலைத் தூக்கிப்போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்தார். ஸ்டேஷன் பஸ் நிலையத்துக்குப் பின்னால். அருமைராஜிடம், அவசரமா வெளிய போறேன், பெல் அடிக்கிற வரைக்கும் பாத்துக்குங்க சார் என்றால் முடிந்தது, காரணம்கூடக் கேட்கமாட்டார், அவ்வளவு மரியாதை. படி இறங்கவேண்டும், ஆட்டோவில் ஏறவேண்டும், இறங்கவேண்டும், அங்கே அந்தப் படியில் கால் வைக்கவேண்டும். காபியை எடுத்தாள். ஆடை படிந்திருந்தது, விரலால் ஒதுக்கினாள். ஒரு வாய் குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. இந்நேரம் ஆய்வாளர் வந்து கையெழுத்து வாங்கி அனுப்பியிருப்பார், அனுப்பிய பிறகு போய் நின்றால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும் என்று நினைத்தாள். அனுப்பாமல் உட்கார வைத்திருந்தால் இனிமேல் போய் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றும் நினைத்தாள். இரண்டும் எவ்வளவு ஒழுங்காக வந்து வரிசையில் நிற்கின்றன. எதிர்த்தரப்பு வக்கீலே இல்லாத வழக்கில் அவள் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். செய்தித்தாள் படித்த ஓட்டுநர் ஒரு பக்கம் திருப்பினார். டம்ளர் காலியானது. அடியில் கரையாத சர்க்கரை கொஞ்சம் இருந்தது, அதையும் ஆட்டிக் குடித்திருந்தாள் என்பது டம்ளரைக் கவிழ்த்து வைத்தபோதுதான் தெரிந்தது.

அவள் உள்ளே வந்து அருமைராஜை அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் முதல் மணி அடித்தது. அதற்குமேல் யார் வேண்டுமானாலும் தாளைக் கொடுத்துவிட்டுப் போகலாம், ஆனால் யாரும் போவதில்லை, மூன்று மணி நேரப் பரீட்சை. வெண்ணிலா எழுந்தாள். நூலைக் கட்டி முடிச்சுப் போட்டுத் தாளை நீட்டினாள். மங்கையர்க்கரசி புரட்டினாள். பெரிய கேள்வி ஒன்று, சிறிய கேள்விகள் நாலைந்து. கூட்டிப் பார்த்தால் தேறுவதற்குப் போதும், தேறுவதற்கு மட்டும்தான் போதும். இந்த வகுப்பிலேயே நன்றாக எழுதக்கூடியவள். இன்னும் நேரமிருக்கேம்மா என்றாள், சொல்லும்போதே அது என்ன பேச்சு என்று தோன்றியது. பெண், போதுங்க மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் குனிந்து செருப்பை மாட்டினாள். மங்கையர்க்கரசி தாளைக் கையில் வைத்துக்கொண்டே அவள் பின்னால் தாழ்வாரத்துக்கு வந்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமுடியாது என்று இருந்தது, பயந்தபடியேதான் சொன்னாள். "வெண்ணிலா, நாளைக்கு நான் வந்து நிக்கிறேம்மா. நானே வரேன்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். நேரமாகிவிட்டது, ஆனாலும் பெரியவர்களிடம் பதில் சொல்லாமல் போகக்கூடாது என்கிற அவசர மரியாதைதான் இருந்தது. "நாளைக்கு இல்ல மேடம். இன்னைக்கோட கண்டிஷன் முடியுது. கடைசி நாள்ல சும்மா அனுப்ப மாட்டாங்க, வேற எதாவது எழுதிடுவாங்கன்னு அண்ணி ஒரே அழுகை. அதான் நேத்து உங்களக் கேட்டேன்."

கேட்டேன் என்றாள். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடையாள அட்டையைச் சட்டைக்கு மேலே எடுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினாள். வேப்பமரத்தைத் தாண்டினாள், ஆட்டோவைப் பார்க்கவே இல்லை, பஸ் நிறுத்தத்தின் பக்கம் திரும்பி மறைந்தாள். அவன் இந்நேரம் எங்கே இருக்கிறான் என்று மங்கையர்க்கரசி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நாளைக்குப் போகவேண்டியதில்லை. அதுதான் முதலில் வந்தது. தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்ததுபோல் உடம்பு லேசானது, மூச்சு ஒழுங்காயிற்று, நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். இதற்கு மேல் நினைப்பதற்கு ஒன்றும் இல்லை, எல்லாம் தெரிந்துவிட்டது. உள்ளே யாரோ மேடம் என்று கூப்பிட்டுக் கூடுதல் தாள் கேட்டார்கள். கேட்டதும் போய்க் கொடுத்தாள்.